பல் பதிந்த குருத்தோலை

நாளை சாம்பல் புதன். நீ போன பிறகு வருகிற முதல் தவக்காலம். போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைகளைக் கொண்டுவந்து போடும்படி பங்குசாமி ஞாயிறு பூசையிலேயே சொல்லிவிட்டார். எரித்துச் சாம்பலாக்கி எல்லோர் நெற்றியிலும் பூசவேண்டுமே. வாசல் நிலைக்கு மேல் நீ செருகி வைத்ததை எடுத்துவிட்டேன். கொடுக்கத்தான் மனம் வரவில்லை. நீ முடைந்த சிலுவை. முந்தின நாள் டயாலிசிஸில் வீங்கிப்போன இடது கையை அசைக்க முடியாமல், ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வலது கையாலேயே முடைந்தாய். உன் பல் பதிந்த தடம் காய்ந்த ஓலையில் இன்னும் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போக புதுக்கோட்டை பஸ் ஏறியதும் கேட்பாய்: "ஏங்க, இன்னைக்கு வலிய யாருக்கு ஒப்புக்கொடுக்கலாம்?" என்ன குழம்பு வைக்கலாம் என்று கேட்கிற அதே குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் ஞானஸ்நானம் வாங்கியவன்தான். ஆனாலும் கெண்டைக்கால் இழுத்து நீ துடிக்கிற துடிப்பை இன்னொருவர் பெயரில் கடவுளிடம் கொடுப்பது எனக்கு விளங்கவே இல்லை.

"ஒரு நாளாச்சும் ஒனக்குன்னு கேளேன்" என்று ஒருமுறை கத்தியே விட்டேன். நர்ஸம்மா திரும்பிப் பார்த்தார்.

"எனக்குந்தான் கேக்குறேன். கேட்டும் வர்ற வலிய வீணாக்க வேணாமேன்னு பாக்குறேன். சிலுவையில அவரு கெடந்தது அவருக்காகவாங்க?" என்றாய்.

பக்கத்துக் கட்டிலில் ஜெகதாப்பட்டினத்து அம்மா. மணிக்கட்டில் மாரியம்மன் கோயில் மஞ்சள் கயிறு. மீன்பிடிக்கப் போன அவர் மகனை, எல்லை தாண்டினான் என்று கடலில் கடற்படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நீ பேச்சுக் கொடுத்ததிலிருந்து அவரும் ஆரம்பித்துவிட்டார்: "அக்கா, இன்னைக்கு எம்புள்ளைக்குக் குடுங்களேன்." கடையில் சாமான் சொல்லி வைப்பது போல. "சரி, இன்னைக்கு அவனுக்குத்தான்" என்று நீயும் சிரிப்பாய். அன்றைக்குக் கால் இழுத்தபோது நீ கத்தவில்லை; உதடு மட்டும் அசைந்தது. நான் ஒன்றும் விளங்காமல் உன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையன் வீடு திரும்பிய செய்தி வருவதற்குள் நீ போய்விட்டாய். எனக்குக் கோபம்தான். அவனுக்குக் கிடைத்தது உனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று பீடத்தைப் பார்த்தே கேட்டேன்.

இன்று காலை அந்த அம்மா போன் செய்தார். "அண்ணே, அவன மறுபடியும் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. அக்கா இருந்தா அவங்ககிட்டச் சொல்லியிருப்பேன்..." மேலே பேச முடியாமல் அழுதார். என் வாயிலிருந்துதான் அது வந்தது.

"எங்கிட்டச் சொல்லுங்கம்மா. எனக்கும் வலிக்குதுல்ல."

போனை வைத்த பிறகு நெடுநேரம் உன் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ ஏன் போனாய் என்பது எனக்கு இன்னும் தெரியாது. நீ இல்லாத இந்த வீட்டில் வலிக்கிறது, அது தெரியும். அதை வைத்துக்கொண்டு கடவுளைத் திட்டிக்கொண்டேதான் இத்தனை நாள் இருந்தேன்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். பல் தடத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டு ஓலையை, எரிக்கச் சேர்த்து வைத்திருந்த கூடையில் போட்டேன். கை வெறுமையானதும் நெஞ்சு அப்படி வலித்தது. அதை அப்படியே அந்தப் பையனுக்கென்று சொல்லிவிட்டேன்.