இறுக்கமான கிளட்ச்

வியாழன், இரவு.

எங்கள் டாக்சிக்குப் புது கிளட்ச் போட்டாயிற்று. கம்பெனி சாமான் வேண்டாம், மலை ஏறத் தாங்குகிற மாதிரி கனமானதாகப் போடுவோம் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். "மிதிக்கத்தான் இறுக்கமா இருக்கும்க்கா," என்று திண்டுக்கல் கடைக்காரர் சொன்னதையும் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

இன்று மலையிறங்கிப் பழனிக்குச் சவாரி போய்விட்டுச் சாயங்காலம் வந்தார்.

"வண்டி எப்படிங்க?"

"ஏத்தத்துல அருமையா இழுக்குது."

சொல்லும்போதே இடது முழங்காலைத் தேய்த்தார். போன வருடம் ஆபரேஷன் செய்த கால்.

"வலிக்குதா?"

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும்."

அவர் குளிக்கப் போனதும் வண்டியில் உட்கார்ந்து இடது காலால் கிளட்சை மிதித்துப் பார்த்தேன். பத்துத் தடவைக்குள் என் நல்ல காலே நடுங்கியது.

நாளை வெள்ளனே மதுரைச் சவாரி. பக்கத்தில் அசந்து தூங்குகிறார். இடது கால் மட்டும் போர்வையை மிதித்துக்கொண்டே இருக்கிறது.