சாமைக் கொல்லையில் ஒரு மான்குட்டி

கொல்லைமேடு, ஜவ்வாது மலை
19.10.2024, காலை

டீச்சருக்கு,

தீர்த்தகிரி எழுதுவது. ஆறு வருஷமாக நமக்குள் பேச்சில்லை. ஆனாலும் கேட்பதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை.

விடிந்ததிலிருந்து சாமை அறுத்தோம். நாலு ஓரத்திலும் ஆள் இறங்கி நடுவுக்கு வருவது எங்கள் வழக்கம். நடுவில் புள்ளிமான் குட்டி ஒன்று சுருண்டு கிடந்ததை நான் பார்க்கவில்லை. அரிவாள் பின்னங்காலில் பட்டுவிட்டது. அது கத்தக்கூட இல்லை. தாயைக் காணோம். வீட்டுக்குத் தூக்கிவந்து துணி சுற்றியிருக்கிறேன். என் வீட்டுக்காரி மணியம்மாள் ஆட்டுப்பால் காய்ச்சுகிறாள்.

என்ன மருந்து போடலாம் என்று எழுதி, மதிய பஸ்ஸில் கண்டக்டர் காசியிடம் கொடுத்தனுப்புங்கள். இங்கே இன்னும் டவர் வரவில்லை.

ஃபாரஸ்ட்காரர்களுக்குத் தெரிய வேண்டாம். அன்றைக்குப் போல் செய்துவிடாதீர்கள்.

தீர்த்தகிரி


போளூர்
19.10.2024, மதியம்

அன்புள்ள தீர்த்தகிரி அண்ணனுக்கு,

ரேணுகாதேவி வணக்கம். காசி வீட்டுக்கே வந்து கடிதத்தைக் கொடுத்தார். இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பால் வேண்டாம் அண்ணே. ஆட்டுப்பால் அதற்குச் சேராமல் வயிற்றால் போனால், காயத்தைவிட அதுவே முந்திக்கொள்ளும். சுத்தமான துணியால் காயத்தை மெல்ல அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூச வேண்டாம். இருட்டான மூலையில் சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள். நாயைக் கட்டுங்கள். தெருவே வந்து தொட்டுப் பார்க்க விடாதீர்கள். பயந்தே செத்துவிடும்.

தாய் விட்டுவிட்டுப் போயிருக்காது. நான் கைக்குழந்தையோடு உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்த வருஷம், அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டுத்தான் பாடம் நடத்துவேன். அப்போது யாராவது உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் அநாதைக் குழந்தை என்றுதான் நினைத்திருப்பார்கள். மானும் குட்டியைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். நாலு பக்கமும் ஆள் நின்றால் அது எப்படித் திரும்பி வரும்?

ஆனால் வெட்டுக்காயத்துக்குக் கடிதத்தில் மருந்து சொல்ல எனக்குத் தெரியாது. கால்நடை டாக்டர் பார்க்க வேண்டும். அவரை அழைத்துவர வனத்துறையால்தான் முடியும்.

அன்று நீங்கள் கூடையில் வளர்த்த மயில் குஞ்சைப் பற்றி அவர்களுக்குச் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சொன்னது தப்பு. ஊர் பார்க்க உங்களை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் பள்ளி வாசலில் நின்று பார்த்தேன். மன்னித்துவிடுங்கள்.

இந்த முறை உங்களைத் தாண்டி எதுவும் செய்ய மாட்டேன். போன் என் பக்கத்திலேயே இருக்கிறது, எடுக்கவில்லை. நீங்களே போய்ச் சொல்லுங்கள் அண்ணே. பொழுது சாய்வதற்குள் போனால் நல்லது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரேணுகாதேவி


கொல்லைமேடு
20.10.2024

மரியாதைக்குரிய டீச்சருக்கு,

நேற்று மூன்று மணிக்கு உங்கள் கடிதம் கிடைத்தது. மணியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அதற்குள் இரண்டு சங்கு பால் கொடுத்திருந்தாள். கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தம்மா உன்னக் கேட்டுட்டுத்தானே குந்தினு இருக்காங்க. நீ இன்னாத்துக்கு என் மூஞ்சியப் பாக்கற? போ" என்றாள்.

வனக்காப்பாளர் ஆபீஸ் வரைக்கும் போய், வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அப்புறம் உள்ளே போய், "என் அருவாதாங்க பட்டுச்சு" என்றேன். இப்போது இருப்பவர் புருஷோத்தமன் என்று சின்ன வயசுக்காரர். அவர் கேட்டது ஒன்றுதான்: "உயிரோட இருக்குதுங்களா?"

போன் போட்டு டாக்டரை வரவழைத்தார். தோலோடு போன வெட்டு, எலும்பில் படவில்லை. மருந்து வைத்துத் தைத்தார்கள். பால் கொடுப்பதை அத்தோடு நிறுத்தியது நல்லது என்றார் டாக்டர். வெளிச்சம் இருக்கும்போதே, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டோம். காட்டுப் பக்கம் ஆளே நிற்காமல் தாய்க்கு வழி விட்டு, தூரத்துப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். தாய் வராவிட்டால் தானே தூக்கிப்போவதாகப் புருஷோத்தமன் சொன்னார்.

அந்தி சாயும்போது பெண்மான் ஒன்று ஓரத்தில் வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு உள்ளே வந்து குட்டியை நக்கியது. குட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. நொண்டிக்கொண்டே பின்னால் போயிற்று. மணியம்மாள் என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

அன்று நீங்கள் சொன்னதற்கு எனக்குக் கோபமில்லை டீச்சர். என்னிடம் சொல்லாமல் சொன்னதற்குத்தான். அது இனி இல்லை.

நடுவில் இருக்கிற சாமையை இன்னும் அறுக்கவில்லை. இனி ஒரு பக்கமிருந்துதான் அறுப்போம். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வாருங்கள். நீங்கள் வந்து நின்ற பிறகு அரிவாள் வைக்கிறோம்.

உங்கள் அண்ணன்,
தீர்த்தகிரி