மாரக்கா குளம் நிரம்பிய வருஷம்

சேவூர்,
8.12.2024

அன்புத் தங்கை சாரதாமணிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரி, உன் நங்கைக்கு மட்டும் முழங்கால் வலி. போனில் நல்லது கெட்டது கேட்டதோடு நீ வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

மாரக்கா குளம் நிரம்பிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு நானூறு ஏக்கரும் தண்ணீர். பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன்கள்கூடக் கரையில் நின்று பார்த்துவிட்டுத்தான் போகின்றன.

தையில் கரையில் மாரக்கா சாமிக்குப் பொங்கல் வைக்கிறோம். அந்தக் காலத்தில் கரை உடைந்துகொண்டே இருந்தபோது நம் குடும்பத்துப் பெண் மாரக்கா தானாகக் குழியில் இறங்கிக் குளத்தை நிற்க வைத்தாள் என்று கல்லில் வெட்டப்போகிறோம். கல்லுக்கு முதல் குடம் தண்ணீரை நம் வீட்டில் பிறந்த பெண்தான் ஊற்ற வேண்டும். நீ வராமல் எப்படி? கார் அனுப்புகிறேன்.

உன் அண்ணன்
லிங்கசாமி

காங்கேயம்,
15.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நங்கையைத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தேய்க்கச் சொல்லுங்கள்.

அம்மா உங்களுக்கு ஒரு கதையும் எனக்கு ஒரு கதையும் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தலை பின்னும்போது சொன்னது இது: கரை போட்டுக்கொண்டிருந்த மூன்று அண்ணன்மாருக்கும் மாரக்கா சோறு கொண்டுபோனாள். மண்வெட்டி குழிக்குள் விழுந்துவிட்டது, எடுத்துக் கொடு என்று அவளை இறக்கிவிட்டார்கள். மேலிருந்து மண் விழுந்தபோது, "அண்ணா, கையக் குடுங்க" என்று கேட்டாளாம். ஒருத்தரும் குனியவில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் நான் கைக்குழந்தையோடு உங்கள் வாசலில் வந்து நின்றேன். என் முதுகில் இருந்த காயத்தை நங்கை பார்த்தாள். நீங்கள் பார்க்கவில்லை. "புருசன் ஊட்டுக்குப் போ கண்ணு, ஊரு என்ன பேசும்" என்று நீங்களே காரில் கொண்டுபோய் விட்டீர்கள். நாலு மாதம் கழித்து நானாகத்தான் தரணியைத் தூக்கிக்கொண்டு காங்கேயம் வந்து, எண்ணெய் மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன்.

மாரக்கா கை கேட்டு அண்ணன்மாரைக் கூப்பிட்டாள் என்று கல்லில் வெட்டுங்கள். நான் வந்து குடம் ஊற்றுகிறேன்.

தங்கை
சாரதாமணி

சேவூர்,
20.1.2025

அம்மிணி,

பொங்கல் முடிந்தது. நீ சொன்னதைச் சொல்லத்தான் ஊர்க் கூட்டத்துக்குப் போனேன். சொன்னேன். சாமியாக நிற்கிறவளை அண்ணன்மாரே கொன்றார்கள் என்று எழுதினால் யார் கும்பிடுவார்கள் என்று ஞானசம்பந்தம் மாமா கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. பழைய எழுத்தையே வெட்டிக் கல்லை நட்டுவிட்டார்கள்.

குடத்தை என் மகள் சுபஸ்ரீ ஊற்றினாள். வீட்டுக்கு வந்ததும் உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அத்தைய நீங்களாப்பா கொண்டுபோயி உட்டீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு உன்னை உன் புருஷன் வீட்டில் இறக்கிவிட்டுவிட்டு, தெருமுனையில் காரை நிறுத்தியிருந்தேன். நீ அலறியது கேட்டது. கேட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

விசேஷத்துக்கு இல்லாவிட்டாலும் சும்மா ஒரு நாள் வா.

அண்ணன்

காங்கேயம்,
5.2.2025

அண்ணனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சுபஸ்ரீ தனியாக பஸ் ஏறி வந்தாள். அவளும் தரணியும் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். இனியும் வருவாள், தடுக்காதீர்கள்.

நான் அலறியது உங்களுக்குக் கேட்டிருக்காது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் நீங்கள் கூப்பிட்டால் போனை எடுத்துக்கொண்டிருந்தேன்.

இனி எழுத வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாரதாமணி