கண்டல் நட்ட நாள்

செவ்வாய்க்கிழமை, தன்னாமுனை

இன்று வாவியோரம் கண்டல், அதாவது அலையாத்திக் கன்றுகள் நட ஊரைக் கூப்பிட்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. மதுரையிலிருந்து கடல் கடந்து தொண்டு செய்ய வந்த கிழவனுக்கு இதுதான் மரியாதையா? கன்றுகள் வெயிலில் வாடிக்கொண்டிருந்தன. நானே தனியாகச் சேற்றில் இறங்கிவிட்டேன்.

ஊர்ச் சங்கத் தலைவி பிலோமினா கரையில் நின்று கத்தினாள். "ஐயா, ஏறுங்க! ஊருக்க பிரேதம் கிடக்கு. அடக்கம் முடியுமட்டும் ஒருத்தரும் ஆத்துல இறங்கிற இல்ல." வாவியைத்தான் இவர்கள் ஆறு என்பார்கள்.

"செத்தவர் எனக்கு யார்?" என்றேன்.

"இஞ்சதானே இரிக்கிறீங்க? அப்ப உங்களுக்கும் ஆள்தான். வந்து பந்தலைப் பிடிங்க."

கோபத்தோடுதான் போனேன். அங்கே யாரும் யாரையும் ஏவவில்லை. பந்தல் எழுந்தது, நாற்காலிகள் வந்தன, எல்லோர் கைக்கும் தேத்தண்ணீர் வந்தது. இத்தனை வேலை தெரிந்த சனம் என் கன்றுகளுக்கு மட்டும் வராதா என்று பொருமினேன்.

பிற்பகலில் அடக்கம் முடிந்ததும் அத்தனை பேரும் கல்லறைத் தோட்டமான சேமக்காலையிலிருந்து நேரே வாவிக்கு வந்தார்கள். செத்தவரின் தம்பியும் சேற்றில் இறங்கினார்.

"நீங்களுமா?" என்று கேட்டேன்.

"அண்ணனுக்காகத்தானே எல்லாரும் வேலைய விட்டவங்க. மறுகா நான் எப்பிடி ஐயா வீட்டுல இரிக்கிற?"

இருட்டுவதற்குள் கடைசிக் கன்றும் நட்டாயிற்று. இப்படி ஒரு சனத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

கூட்டம் மேல் கூட்டம் போட்டு, கன்று நடுவதற்கென்று நான் பிரித்துக்கொடுத்த குழுவில் ஒருவர்கூட நிற்கவில்லை. அதை நாளைக்கே பிலோமினாவிடம் சொல்லத்தான் போகிறேன். ஆனால் ஒரு கன்றுகூடச் சாய்ந்து நிற்கவில்லை.