எருமைமேட்டுக்காரிக்கு

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் பிளேன்டீயோடு போனைத் திறந்தால், உன் பெயரைச் சொல்லி வணக்கம் போட்டு குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு வாராவாரம் அனுப்பும் அந்த மின்மடல் வந்து கிடக்கிறது. என்னுடைய மின்னஞ்சல், உன்னுடைய பெயர். "பாஸ்வேர்டெல்லாம் எனக்கு ஞாபகம் நிக்காது, நீயே வெச்சுக்க" என்று நீ பதிந்து வைத்தது. நீ போய்ச் சில மாதங்களாகிவிட்டன. அது தெரியாமல், பழைய படங்களை எப்படிப் பாதுகாப்பது என்று இந்தக் கிழமை உனக்குச் சொல்லித் தருகிறார்கள். என்னால் வாசிக்க முடியவில்லை.

கண்டியில் நாம் வேலை பார்த்த இன்சூரன்ஸ் அலுவலகத்தில், பகல் சாப்பாட்டு நேரம் உனக்குச் சாப்பிடுவதற்கல்ல. ஒரு கையில் சோற்றுப் பார்சல், மறு கையில் மவுஸ். தேடியது உன் அக்காவை. கல்யாணமான புதிதில் புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர். உனக்கு அப்போது ஆறு வயது. இரண்டொரு கடிதம் வந்ததாம். இனக்கலவரத்துக்குப் பிறகு நீங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டு வத்தேகமவுக்குக் குடிவந்ததோடு அதுவும் நின்றுபோயிற்று.

இங்கிலீஷ் வலைப்பூக்கள் எடுத்த எடுப்பில் குடும்பப் பெயரைக் கேட்டன. "நம்மகிட்ட அப்பா பேருல ஒத்த எழுத்துத்தான் இருக்கு. அதப் போட்டா வருவாளா?" என்று நீ திரையிடம் கேட்க, பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். காசு கட்டினால் வம்ச மரம் வரைந்து தருகிறோம் என்றவற்றை முதலில் ஒதுக்கினாய். யாரோ எழுதியதை எடுத்துப் போட்டவற்றைப் பிறகு ஒதுக்கினாய். தானே தேடி அலைந்தவர்கள் எழுதியது மட்டும் மிஞ்சியது. "கட்டுரைய விடு, கீழ கொமன்டப் பாரு. சனம் அங்கதான் இருக்கு" என்பாய். அப்படித்தான் நீலகிரிக்காரர் ஒருவரின் தமிழ் வலைப்பூ அகப்பட்டது. இங்கிருந்து இந்தியாவுக்குப் போன தோட்டத்துச் சனங்களைப் பற்றி எழுதுகிறவர். அதன் கீழே ஆளுக்கு ஆள் தங்கள் சொந்தங்களை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

நீயும் எழுதினாய். அக்கா பெயரும் அப்பா பெயரும் தோட்டத்துக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற பெயர்கள். அடையாளம் சொல்லத் தோட்டம் ஒன்றுதான் இருந்தது. நீ பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி, வெள்ளைக்காரத் துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயரைப் போட்டாய். நம் சனங்கள் அந்தப் பெயரை என்றைக்குச் சொன்னார்கள்? அவர்களுக்கு அது எருமைமேடு. பள்ளிக்கூடத்தில் உன்னை எருமைமேட்டுக்காரி என்று கூப்பிட்டு அழவைத்தார்களாம். அந்தப் பெயரை வாயில் எடுக்கக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். கோபம் வந்தபோதெல்லாம் நான் அதைத்தான் சொல்லிக் கூப்பிட்டேன், அது வேறு கதை. ஆனால் எருமைமேடு என்று எழுத வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில், பேசவே மூச்சு வாங்கிய அன்றைக்கும் கேட்டாய். "யாராச்சும் எழுதியிருக்காங்களா பாரு."

பார்த்தேன். "இன்னும் இல்லடி."

நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

உன் கருமாதிக்குக் கடுகண்ணாவையிலிருந்து வந்த ஒரு பெரியவர், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டார். "செத்தவங்க எருமைமேட்டு ஆளுகதானே?" பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனதும் அதே வலைப்பூவில், அதே விவரத்தை, எருமைமேடு என்று போட்டு எழுதினேன். உன்னிடம் செய்த சத்தியம் எப்படியும் பலதடவை உடைந்ததுதானே.

அடுத்த கிழமையே பதில் வந்தது. கோத்தகிரியிலிருந்து உன் அக்கா மகள். "எருமைமேடுன்னு வாசிச்சுக் காட்டுனதும் அம்மா அழுதுட்டாங்க. சித்தியோட பேசணும்ங்கிறாங்க." நீ எழுதியதையும் அவள் முன்னமே பார்த்தவள்தானாம். வேறு ஏதோ தோட்டம் என்று தாண்டிப் போயிருக்கிறாள். பாவி மகளே, உன் அக்கா மகளும் நீயும் ஒரே பக்கத்தைத்தான் இத்தனை நாளும் வாசித்துக்கொண்டிருந்தீர்கள்.

போனில் உன் அக்கா முதலில் சொன்னது, "தங்கச்சிகிட்ட குடும்மா."

நான் எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. உன் அக்கா திருப்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவ என்னையத் தேடுனாளா?"

"தேடுனா அக்கா. கடைசி வரைக்கும் தேடுனா."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே போனில் கூப்பிடுகிறார். ஆறு வயதுப் பிள்ளைக்கு மேல் உன்னை அவருக்குத் தெரியாது. நீ எப்படிச் சிரிப்பாய், என்ன கறி பிடிக்கும், கோபம் வந்தால் என்ன செய்வாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். நீ உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் பேசி முடித்து, போனை வைக்கப் போகும்போது அந்தக் கேள்வி மறுபடியும் வரும். "அவ என்னையத் தேடுனாளாம்மா?" இதுவரை கேட்டதே இல்லை என்பதுபோலக் கேட்கிறார். நானும் முதலிலிருந்து சொல்கிறேன்.