சிவப்பு மையில் ஒரு திருத்தம்

கிரிம்ஸ்பி,
11 மார்ச் 2007

டை கட்டிய நெவில் ராசாவுக்கு,

உன் பெண்டாட்டி கிளெண்டா எழுதுவது. பெண்டாட்டி என்றதும் துள்ளாதே. நீ விட்டுவிட்டுப் போய் நாலு வருஷம் ஆனாலும் காகிதத்தில் நான் இன்னும் அப்படித்தான் இருக்கிறேன். இங்கே நான் சுகம், மீன் ஃபாக்டரியும் சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? நாளெல்லாம் பேங்க் வாசலில் காவல் நின்றால் வலிக்காமல் என்ன செய்யும்! டோன்காஸ்டர் கிளையில் உனக்குச் சீருடை கொடுத்திருக்கிறார்களாமே, டையில் பேங்க் முத்திரைகூட இருக்கிறதாமே. உன் தங்கை மார்க்கெட்டில் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஹேடாக் மீன் நழுவித் தரையில் விழுந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் இரண்டு பேர் பேரிலும் அதே பேங்க்கில் ஒரு கணக்கு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கணக்கில் நாலு காசு குறைந்தால் போதும், பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டு முப்பது, முப்பத்தைந்து பவுண்டு என்று தண்டம் பிடித்துக்கொள்வார்களே, அதைத் திருப்பித் தரச் சொல்லி இப்போது ஊரே கோர்ட்டுக்குப் போகிறது. பேக்கிங் லைனில் என் பக்கத்தில் நிற்கும் டாட் வாங்கிவிட்டாள். நானும் சின்ன வழக்கு ஒன்று போட்டேன்.

பேங்க் வக்கீல்கள் மூன்று பக்கம் பதில் எழுதியிருக்கிறார்கள். தண்டம் நியாயமா இல்லையா என்று ஒரு வார்த்தை கிடையாது. "கணக்கு இரண்டு பேர் பேரில் இருந்தது, இந்த அம்மா தனியாக வந்து கேட்கிறார்" என்பதை மூன்று பக்கத்துக்கு இழுத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு படித்திருக்கிறார்கள், பாவம்.

நீதிபதி வழக்கைத் திருத்தச் சொல்லிவிட்டார். உன்னை இரண்டாம் வாதியாகச் சேர்க்க வேண்டும். ஆனால் சம்மதம் எழுதிக் கொடுக்காத எவரையும் வாதியாக்க முடியாதாம். ஏப்ரல் இருபதுக்குள் உன் சம்மதம் வந்து சேராவிட்டால் வழக்கு தள்ளுபடி. திருத்த வேண்டிய வழக்குத் தாளும் ஒரு சிவப்புப் பேனாவும் இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. பாதிப் பணம் உனக்கு.

இப்படிக்கு, முதலாம் வாதி,
கிளெண்டா


டோன்காஸ்டர்,
17 மார்ச் 2007

கிளெண்டாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாள் முழுக்க மீன் வாடை.

நீ கேட்பது நடக்காது. எனக்குச் சம்பளம் கொடுக்கிற பேங்க்மீது நானே வழக்குப் போடுவதா? இங்கே மேனேஜர் அம்மா என்னை "மிஸ்டர் ராம்ஸ்டன்" என்று கூப்பிடுகிறார். உன் ஃபாக்டரியில் உன்னை யாராவது அப்படிக் கூப்பிட்டது உண்டா? பணம் வைத்திருக்கத் தெரியாதவர்களுக்குத்தான் தண்டம் விழும். இந்த வாசலில் தினமும் பார்க்கிறேன், உன் மாதிரி ஆட்கள்தான் கத்திக்கொண்டு வருவார்கள்.

இன்னொன்று. நீ அனுப்பிய தாளை முழுக்கப் படித்தேன். நாலாவது பத்தியில், "இந்தத் தண்டங்களால்தான் வீட்டுப் பணம் கரைந்தது, வீட்டில் யாரும் எடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். கீழே "இதெல்லாம் உண்மை" என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். நல்ல கெட்டிக்காரி நீ.

நெவில் ராம்ஸ்டன்


கிரிம்ஸ்பி,
20 மார்ச் 2007

மேன்மை தங்கிய மிஸ்டர் ராம்ஸ்டன் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் மேனேஜர் அம்மா தங்களை மிஸ்டர் என்று அழைப்பது கேட்டு டாட்டும் நானும் மதியச் சாப்பாட்டின்போது எழுந்து நின்று மரியாதை செய்தோம். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. எனக்கும் ஃபாக்டரியில் மரியாதைக்குக் குறைவில்லை, சூப்பர்வைசர் என்னைக் கூப்பிடும்போது "ஏய்" என்பதோடு "அன்பே" என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

சரி, நாலாவது பத்திக்கு வருவோம். அதைக் கண்டதும் உனக்குக் குளிர் எடுத்துவிட்டது, இல்லையா?

அந்த வருஷம் நடந்ததை நானே சொல்கிறேன், நின்ற இடத்திலேயே கேள். கேஸ் பில்லுக்கு நாலு பவுண்டு குறைந்தது. பில் திரும்பியது, தண்டம் விழுந்தது. அந்தத் தண்டத்தால் வாடகைக்குக் குறைந்தது. வாடகை திரும்பியது, இன்னொரு தண்டம். அதனால் கரண்ட் பில் திரும்பியது. இப்படியே குட்டி போட்டுக்கொண்டு போனது. நாம் இரண்டு பேரும் சம்பளம் போடப் போட பேங்க் நக்கிக்கொண்டே இருந்தது. பேங்க் அனுப்பும் கவரைப் பிரிக்கத்தான் இரண்டு பேருக்கும் பயமாக இருந்ததே.

நீ என்ன செய்தாய்? ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், லெஸ்லியின் மீன் வறுவல் கடையில், வரிசையில் இருபது பேர் நிற்க, "எம் பணத்தையெல்லாம் எடுத்து பிங்கோவுல போட்டவ இவதான்! திருடி! இவளுக்குக் கடன் குடுக்காதீங்க!" என்று கத்திவிட்டு, உன் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனாய். அந்த பிங்கோ சூதாட்டத்துக்கு நான் வாரம் ஒரு தடவை போவேன். இரண்டு பவுண்டு. ஒரு தடவை ஒரு டோஸ்டர் பரிசாக விழுந்தது, அதில்தான் உனக்கு ரொட்டி வாட்டிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அந்தக் கடைக்குள் நான் காலை வைக்கவில்லை. வறுவல் தின்ன இரண்டு பஸ் மாறி ஊர்க் கோடிக்குப் போகிறேன். நாலு வருஷமாக! எனக்கு உன் பேங்க்கின் பணம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நான் என்ன சீமாட்டியா? ஆனால் பணத்தைவிட அந்த நாலாவது பத்தியின் கீழே உன் கையெழுத்து வேண்டும்.

கிளெண்டா


டோன்காஸ்டர்,
1 ஏப்ரல் 2007

கிளெண்டா,

நாலாவது பத்தியை எடுத்துவிடு. கையெழுத்துப் போடுகிறேன். கிளையில் யாருக்கும் தெரியக்கூடாது. கோர்ட்டுக்கு நான் வரமாட்டேன்.

அன்றைக்கு நான் கோபத்தில் இருந்தேன். பசி வேறு.

நெவில்


கிரிம்ஸ்பி,
5 ஏப்ரல் 2007

பசித்த நெவிலுக்கு,

முட்டாள்கள் தினத்தில் கடிதம் எழுதியிருக்கிறாய், நாள் பார்த்துத்தான் எழுதினாயா?

பத்தியை எடுக்க மாட்டேன். அப்படியே எடுத்தாலும் உனக்கு லாபம் இல்லை. திருத்தும் விதத்தைக் கோர்ட்டு அலுவலகத்து அம்மா எனக்கு இரண்டு தடவை சொன்னார்: "புதுசா சேக்குறத செவப்புல எழுதி அடிக்கோடு போடுங்க. எடுக்குறத ஒரே கோடு போட்டு அடிங்க. ஆனா அடிச்சதும் படிக்கத் தெரியணும்மா. பூசி மெழுகக் கூடாது." நான் கேட்டேன், "அப்ப தப்பா எழுதினா மறைக்கவே முடியாதா?" "முடியாது. மொதல்ல என்ன சொன்னீங்க, அப்புறம் என்ன மாத்தினீங்கன்னு நீதிபதி ரெண்டையும் பாக்கணும்ல." எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போனது. அதை எழுதியவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும்.

ஆகவே, பத்தி இருக்கும். கையெழுத்துப் போடு, அல்லது வாசலில் நின்றுகொண்டே இரு. வழக்கு தள்ளுபடியானால் உன் தங்கையிடம் காரணம் சொல்லுவேன். அவள் மார்க்கெட்டுக்கே சொல்லுவாள்.

கிளெண்டா


டோன்காஸ்டர்,
17 ஏப்ரல் 2007

கிளெண்டா,

கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது. என் பேரையும் விலாசத்தையும் சிவப்பில் எழுதியிருக்கிறேன். நாலாவது பத்தியின் கீழே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அதைக் கண்டுகொள்ளாதே. வேறு தாள் இல்லை.

நெவில்


கிரிம்ஸ்பி,
8 மே 2007

இரண்டாம் வாதிக்கு,

உன் கவர் பத்தொன்பதாம் தேதி வந்தது. மறுநாள் கெடு. புதுத் தாள் எழுத நேரம் ஏது? அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இன்றைக்குத் திருத்தத்தை ஏற்பதா என்று விசாரணை. கோர்ட்டு என்றதும் நான் பெரிய மண்டபம், பொய்முடி என்று நினைத்து, கல்யாண வீட்டுத் தொப்பி போட்டுக்கொண்டு போனேன். ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஜலதோஷம் பிடித்த ஒரு நீதிபதி. பேங்க் தரப்பில் ஒரு வக்கீல், லண்டனிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு வந்திருந்தார். ரயில் டிக்கெட்டுக்குச் செலவழித்ததை எனக்குக் கொடுத்திருந்தால் பாதி வழக்கு முடிந்திருக்கும்.

நீதிபதி தாளை மெதுவாகப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி படித்தார்.

"மேடம், இங்க ஒரு வரி செவப்புல எழுதி அடிச்சிருக்கே. 'கிளெண்டா எதையும் எடுக்கல, நான் சொன்னது பொய்'ன்னு."

வக்கீல் துள்ளி எழுந்தார். "அது மனுவுல சேராது சார், அடிச்சாச்சு."

"எனக்கும் கண்ணு இருக்கு, உக்காருங்க. மேடம், இது உங்க வழக்குல ஒரு பகுதியா?"

"இல்ல சார்," என்றேன், "அது என் புருஷன்."

நீதிபதிக்கு இருமல் வந்துவிட்டது. இருமலா சிரிப்பா என்று நான் கேட்கவில்லை. திருத்தம் ஏற்கப்பட்டது, முத்திரை விழுந்தது. ஜூன் கடைசியில் முழு விசாரணை.

நெவில், அந்த வரியை எழுத உனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது? அடிக்க எவ்வளவு நேரம்? எழுதிய எழுத்துகள் வளைந்து நெளிந்திருக்கின்றன. அடித்த கோடு மட்டும் ஸ்கேல் வைத்தது மாதிரி நேராக இருக்கிறது. அதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது அவ்வளவு தைரியம்?

கிளெண்டா


டோன்காஸ்டர்,
23 ஜூன் 2007

அன்புள்ள கிளெண்டா,

பேங்க் வக்கீல்களின் கடித நகல் எனக்கும் வீட்டுக்கு வந்தது. விசாரணைக்கு முன்பே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார்களே! செக் உன்னிடம் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். நான் ஆரம்பத்திலேயே சொன்னேன், விடாதே என்று.

ஒரு சிக்கல். செக்கில் நம் இரண்டு பேர் பேரும் சேர்ந்து இருக்கிறதாம். அதை இரண்டு பேர் பேரிலும் இருக்கிற கணக்கில்தான் போட முடியும். எனவே வரும் சனிக்கிழமை நீ இங்கே வந்தால் சேர்ந்து ஒரு கணக்குத் திறந்துவிடலாம். என் பேங்க்கில் வேண்டாம். எதிரே இருக்கிறதில் திறப்போம், அங்கே தண்டம் குறைவாம்.

மேலும் யோசித்துப் பார்த்தேன். கணக்கு ஒன்றாக இருந்தால் வாடகை மட்டும் இரண்டு எதற்கு? இங்கே என் அறையில் ஈரம் வேறு. நீ வறுக்கும் ஹேடாக் மாதிரி இந்த ஊரில் கிடைப்பதில்லை.

உன் அன்புள்ள,
நெவில்


கிரிம்ஸ்பி,
30 ஜூன் 2007

அன்புள்ள என்று எழுதக் கற்றுக்கொண்ட நெவிலுக்கு,

"நான் ஆரம்பத்திலேயே சொன்னேன், விடாதே என்று" என்ற வரியைப் பேக்கிங் லைன் முழுக்கப் படித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் அன்றைக்கு மீன் துண்டுகள் கோணல்மாணலாகப் போயின.

எதிர்ப் பேங்க்கில் கணக்குத் திறக்கலாம் என்கிறாயே, அந்த டையைக் கழற்றிவிட்டுத்தானே சாலையைக் கடப்பாய்?

வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. நீ எழுதி அடித்த அந்த வரியை, அடிக்காமல், ஒரு தாளில் எழுதி அனுப்பு. எந்த மை ஆனாலும் சரி, பென்சில் ஆனாலும் சரி. அது வந்த மறு சனிக்கிழமை தொப்பியோடு வந்து நிற்பேன். ஹேடாக்கும் கொண்டுவருவேன். செக் கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கும். அதில் போட்ட தேதியிலிருந்து ஆறு மாசம் உயிரோடு இருக்குமாம்.

கிளெண்டா


கிரிம்ஸ்பி,
14 டிசம்பர் 2007

நெவிலுக்கு,

செக் நேற்றோடு செத்துப்போனது. நீ எழுதவில்லை. ஒரு வரி, அதுவும் ஏற்கனவே ஒரு தடவை எழுதிய வரி. நீ எழுதுவாய் எனப் பாதி எதிர்பார்த்தேன் என்று சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும். ஆகவே கால்வாசி என்று வைத்துக்கொள்.

பயப்படாதே, பணம் சாகவில்லை. கெடுவுக்கு முன்பே வக்கீல்களுக்கு எழுதினேன், வாதிகள் இரண்டு பேர், செக்கும் இரண்டாக இருக்கட்டும் என்று. என் பாதி வந்துவிட்டது. உன் பாதியை நீ நேரில் கேட்டால் கொடுப்பார்களாம். உன் கிளையிலேயே கேட்கலாமாம். மேனேஜர் அம்மாவிடம் போய், "நான்தான் அந்த இரண்டாம் வாதி" என்று சொன்னால் போதும். அவர் உன்னை மிஸ்டர் என்றுதானே கூப்பிடுகிறார், என்ன கஷ்டம்?

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஃபாக்டரி விட்டதும் லெஸ்லியின் கடைக்குப் போனேன். நாலு வருஷத்துக்குப் பிறகு. வரிசையில் பாதிப் பேர் அன்றைக்கு நின்றவர்கள்தான். லெஸ்லி மாவுக் கையோடு, "என்ன கிளெண்டா, வழி தவறிட்டியா?" என்றார்.

முத்திரை விழுந்த தாளை எடுத்து நீட்டினேன். "கோர்ட்டு தாளு. நாலாவது பத்திய எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்க."

படித்தார். வீட்டில் யாரும் எடுக்கவில்லை என்பதைப் படித்தார். நெவில் ராம்ஸ்டன் கையெழுத்து என்றும் படித்தார். பிறகு தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இங்க ஒண்ணு அடிச்சிருக்கே, இதையும் படிக்கணுமா?"

"அடிச்சதும் படிக்கத்தான், லெஸ்லி. சட்டம் அப்படி."

அதையும் படித்தார். அப்புறம் எனக்கு முன்னால் நின்ற மூன்று பேர் விலகி வழி விட்டார்கள். யாரோ வினிகர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்கள்.

நீ இனி எழுத வேண்டாம் நெவில். சிவப்புப் பேனாவை நீயே வைத்துக்கொள்.

கிளெண்டா