சனிக்கிழமை வகுப்பில் நான் சொன்னது

இன்று காலை அக்கரைப்பற்றிலிருந்து வரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தாள். நிந்தவூர் வரும்வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு எழுந்து நின்றுகொண்டேன். காலில் பிடிப்பு என்று கண்டக்டர் நினைத்திருப்பான். நீங்கள் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் மாதங்கள் ஆகிவிட்டன. உங்கள் மூச்சு இன்னும் பஸ் ஏறி என் பக்கத்தில் வந்து குந்துகிறது.

சூறாவளிக்குப் பிந்திய அந்த வருடங்களில், காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே மேசைக்குக் கீழே ஒளிகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள். அப்படியான பிள்ளைகளோடு எப்படிக் கதைப்பது என்று ஆசிரியர்களுக்குப் பழக்குவதற்காகக் கல்முனையில் சனிக்கிழமைகளில் ஒரு பகுதிநேர வகுப்புத் தொடங்கினார்கள். படிப்பிக்க மட்டக்களப்பிலிருந்து ஒரு சேர் வருவார். நீங்கள் வேறு பாடசாலை, என்னைவிட மூத்தவர். முதல் நாளே உங்களை ராத்தா என்று கூப்பிட்டேன். நீங்கள் உங்கள் தீன்பெட்டியைத் திறந்து பாதி இடியப்பத்தை என் பக்கம் தள்ளினீர்கள்.

"புத்தி சொல்லாதீங்க. குறுக்க கதைக்காதீங்க. அவங்க சொன்னத அவங்களுக்கே திருப்பிச் சொல்லுங்க. சும்மா இருக்கவும் பழகுங்க" என்பார் சேர். பிறகு எங்களைச் சோடி சோடியாக இருத்துவார். ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். "இங்க கேட்டது இங்கயே கிடக்கட்டும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் தொடங்குவார்.

நானும் நீங்களும் எப்போதும் ஒரு சோடி. முழங்கால் முட்டும் தூரத்தில் கதிரைகள். உங்கள் வாயில் ஏலக்காய். அன்று என் தங்கை ஸரீனாவைப் பற்றிச் சொன்னேன். சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வரும். ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று உம்மா அவளை உள்ளறையில் கிடத்திவிட்டு, வெறும் உரலில் உலக்கையைப் போட்டு இடிப்பா. அவளுடைய முனகல் அடுத்த வளவுக்குக் கேட்காமல் இருக்க. வலிப்பு நின்று எத்தனையோ வருடம். ஆனால் உலக்கைச் சத்தம் கேட்டால் என் கை இன்றைக்கும் குளிர்ந்துபோகும். இதை வெளியில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. நீங்கள் என் கையைப் பிடித்து, "ஒங்கட கை இப்பயும் குளிந்துதான் கிடக்கு, தங்கச்சி" என்றீர்கள். நன்றாகக் கேட்கிறீர்கள் என்று சேர் உங்களைப் பாராட்டினார்.

ஸரீனாவுக்கு அப்போது கலியாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை மருதமுனையில் தறி வைத்திருந்த குடும்பம். ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு அவருடைய உம்மா வந்தா. தேத்தண்ணிக் கோப்பையைத் தொடவில்லை.

"புள்ளைக்கு வலிப்பு வாற நேரம் வெறும் ஒரல இடிப்பீங்களாமே. எங்களுக்கிட்டயும் இடிச்சி மறைக்கப் பாத்தீங்களா?" என்று கேட்டா.

உம்மா என் முகத்தைப் பார்த்தா. ஸரீனா கதவுக்குப் பின்னால் நின்றாள். வலிப்பு என்று மட்டும் அவ சொல்லியிருந்தால் யாரோ பழைய ஆட்கள் சொல்லியிருக்கலாம் என்று நினைத்திருப்பேன். உரல் என்றா. அது வீட்டுக்கு வெளியில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த மாதமே அந்த மாப்பிள்ளையை உங்கள் மதினியின் மகளுக்குப் பேசி முடித்தீர்கள்.

நான் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்து பக்கத்தில் இருந்தேன். ராத்தா என்றேன். உங்கள் இடியப்பத்தைத் தின்றேன். எனக்குத் தெரியாது என்று நீங்கள் நம்பினீர்கள். நம்பட்டும் என்று விட்டேன்.

கடைசிச் செய்முறைப் பரீட்சை எல்லோருக்கும் முன்னால் நடந்தது. நான் கேட்பவள், நீங்கள் சொல்பவர். பாடசாலையில் வேலை கூடிவிட்டது, களைப்பு என்று நீங்கள் சாதாரணமாகத்தான் தொடங்கினீர்கள்.

"களைப்பா இரிக்கி" என்றேன்.

"ஓம். நித்திரையும் வாறல்ல."

"நித்திரை வாறல்ல."

பிறகு சும்மா இருந்தேன். உங்கள் கண்ணை விட்டு என் கண்ணை எடுக்கவில்லை. நீங்கள் முந்தானையைச் சரிசெய்தீர்கள். கூரையைப் பார்த்தீர்கள். மறுபடியும் என்னைப் பார்த்தீர்கள். எனக்குத் தெரியும் என்பது அந்த நேரத்தில்தான் உங்களுக்குப் புரிந்தது.

"ஒரு கலியாண விசயம் மனசுல கிடக்கு" என்றீர்கள்.

"அதப்பத்திச் செல்லுங்க ராத்தா."

"ஒரு ஆள் செல்லினத, நான் இன்னொரு ஆளுக்கிட்டச் செல்லிட்டன்."

"ஆர் ஒங்களுக்கிட்டச் செல்லின?"

நீங்கள் கதவைப் பார்த்தீர்கள். நான் அசையவில்லை. கடைசியில், "நீங்கதான். ஒங்கட தங்கச்சிர விசயம்" என்று சொல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதீர்கள். ஸரீனாவின் மாப்பிள்ளை உங்கள் மதினி வீட்டுக்குப் போனது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நான் எழுந்து உங்கள் தோளைத் தொடவில்லை. "செல்லினதுக்கு நன்றி" என்றேன். அதுவும் பழக்கித் தந்த வசனந்தான்.

எல்லோரும் போன பிறகு சேர் என்னை நிறுத்தினார். "டீச்சர், ஒரு பிழையும் இல்லாமக் கேட்டீங்க. ஆனா நீங்க அவக்காகக் கேக்கல்ல" என்றார். "ஓம் சேர்" என்றேன். அப்படியும் பரீட்சையில் என்னைச் சித்தியடையச் செய்தார். மிச்சமிருந்த சனிக்கிழமைகளுக்கு நீங்கள் வரவில்லை. நடந்தது திங்கட்கிழமைக்குள் ஊரெல்லாம் போய்விட்டது. கலியாண வீடுகளில் நீங்கள் பாயில் வந்து குந்தினால் பெண்கள் கதையை மாற்றினார்கள். கடைசியில் பொத்துவில் பக்கம் இடமாற்றம் கேட்டுப் போனீர்கள். அந்தச் செய்தி வந்த அன்று நான் இரண்டு கோப்பை பால் தேத்தண்ணி குடித்தேன்.

ஸரீனாவுக்குப் பிறகு பாலமுனையில் ஒரு மாப்பிள்ளை வந்தார். பெண் பார்க்க வந்த அன்றே அவள் தன் வாயால் வலிப்புக் கதையைச் சொன்னாள். "எனக்கும் மாரிக்கு மூச்சு இழுக்கும்" என்றாராம் அவர். நல்லாக இருக்கிறார்கள். அவள் உங்களை எப்போதோ மன்னித்துவிட்டாள். "இன்னும் என்னத்துக்கு ராத்தா?" என்று என்னைக் கேட்பாள். கலியாணம் அவளுடையது. நம்பிச் சொன்ன வார்த்தை என்னுடையது.

உங்கள் மையத்து வீட்டுக்கு வந்தேன். உங்கள் மகள் வாசல்வரை என் பின்னால் வந்தாள்.

"உம்மா ஏதும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்கிங்க, டீச்சர். கடைசி நாளையில ஒங்களத்தான் கேட்டுக்கிட்டுக் கிடந்த."

பொறுத்துட்டன் என்பது வந்தவர்கள் எல்லோரும் சொல்கிற ஒரு சொல். நானும் சொல்லியிருக்கலாம். "நேரத்துக்கு ஏதும் தின்னுங்க மகள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வகுப்புக்குப் பிறகு எங்கள் பாடசாலையில் பிள்ளைகளோடு கதைக்க எனக்கு ஒரு சின்ன அறை தந்தார்கள். எத்தனையோ பிள்ளைகள் அங்கே வந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் வெளியில் விட்டதில்லை, என் கணவரிடம்கூட. ஆட்கள் அதை என் குணம் என்கிறார்கள். குணமல்ல, உங்கள் மேல் எனக்குள்ள கோபம். ஒவ்வொரு பிள்ளையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகும்போது, உங்களால் முடியாததை நான் செய்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன். உங்களைப் பொறுத்துவிட்டால் அந்த அறைக் கதிரையில் எதை நம்பி இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கும் ஒரு பிள்ளை வருகிறது.